புல்பப் பஞ்சாயத்து

கால நல்லா நீட்டிக்குங்க. அந்தப் பொட்டி மேல பட்டாலும் ஒண்ணும் ஆவாதுங்க, உள்ள பஞ்சு வெச்சுத்தான் கட்டியிருக்குது. கண்டக்டரும் மொதல்ல ஒரு மாதிரிதான் பாத்தாரு. துப்பாக்கிதானுங்க. பயந்துக்காதீங்க, காத்துத் துப்பாக்கி. லைசென்சு வேண்டாத வகை. பில்லு பையில இருக்குது, வேணுமுன்னா எடுத்துக் காட்டறேன். வேண்டாமா? செரி.

இத்தன குட்டையா இருக்குதேன்னு பாக்கறீங்களாக்கு? அதுக்குப் பேருதானுங்க புல்பப். சாதாத் துப்பாக்கியில மெஷினு, வெரல்ல இழுக்கற விசைக்கு முன்னால இருக்கும். இதுல பின்னால, தோள்ல வெச்சு அமுக்கற கட்டைக்குள்ளாறயே இருக்கும். அப்ப குழல் நீளம் கொறையாது, மொத்த நீளம் மட்டும் கொறஞ்சுரும். பாரமும் நெஞ்சுக்கிட்டயே நிக்கும், கை வலிக்காது. அட்டையில வட்டம் போட்டுச் சுடறதுக்குத்தானுங்க, குருவி காக்கான்னு ஒண்ணத் தொட மாட்டேன்.

நீங்க திருப்பூரு வரைக்குமா? நான் தாராபுரத்துல எறங்கிக்குவேன். எம் பேரு சென்னியப்பனுங்க. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லுல முப்பத்தி ரெண்டு வருசம் ஃபிட்டரு. இப்ப ஊட்லதான். எங்கூட்டுக்காரி ஓசூருக்கு மக கிட்டப் போயிருக்கறா, பேத்தியப் பள்ளிக்கோடம் அனுப்ப ஆளு வேணுமில்ல? லீவு உட்டா வந்துருவா. மூணு லீவு ஆச்சு, வர்ற லீவுக்கு வந்துருவா. அத உடுங்க, நான் விசயத்துக்கு வர்றேன்.

தூத்துக்குடிக்கு எதுக்குப் போனேன்னு கேட்டீங்கல்ல? ஒரு நாயம் கேக்கப் போனனுங்க. ஒரு மனுசன் வாதத்துல ஒத்துக்கிட்டாரு. நீ சொல்றதுதான் செரின்னு சொல்லிப்போட்டாரு. அது எப்புடி அவரு ஒத்துக்கலாமுன்னு கேக்கப் போனேன். சிரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க.

காத்துத் துப்பாக்கி வெச்சிருக்கறவங்களுக்குன்னு வாட்ஸப்புல ஒரு குழு. இரநூத்திச் சில்ற பேரு. நடத்தறது சேலத்துல ஒரு பல் டாக்டரு. நான் இந்தப் பொட்டியில இருக்கறத வாங்குன புதுசுல ஒரு படம் போட்டேன். இது நம்ம பக்கத்துப் பட்டறையில செஞ்சதுங்க, வெல சல்லிசு. இருவத்தஞ்சு கஜத்துல அஞ்சு குண்டு போட்டிருந்தேன், அஞ்சு ஓட்டையையும் ஒரு ரூவாக் காசு மறச்சுரும். எல்லாரும் கை தட்டறாப்புல படம் போட்டாங்க. ஒருத்தரு மட்டும் எழுதுனாரு: ‘நல்லாருக்கு. நம்ம புல்பப்புன்னா காசு வேண்டாம், சட்டைப் பொத்தான் போதும்.’

யாருடா இதுன்னு பாத்தா, கஸ்மீருன்னு பேரு. ஐரோப்பாவுல செஞ்ச புல்பப் வெச்சிருக்கறாரு. என்னோடது மாதிரி ஆறு வாங்கலாம் அந்த வெலைக்கு. நான் உடுவனா? ‘ஒரு பொத்தானுக்கு அத்தன வெலையாங்க?’ன்னு போட்டேன்.

அதுல புடிச்சதுதானுங்க. அவரு ரெகுலேட்டரும்பாரு. காத்த அளந்து விடற சாமான் அது, ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்துல போறதுக்கு. நான், அந்த ரெகுலேட்டரு கெட்டா எங்க கொண்டு போவீங்க, கப்பல்லயா அனுப்புவீங்கம்பேன். அவரு குழலோட நேர்த்தியச் சொல்லுவாரு. நான் ஓ-ரிங்கச் சொல்லுவேன், காத்து ஒழுகாம அடைக்கற ரப்பரு வளையம் அது. எனக்கு ஓ-ரிங்கு போனா தாராபுரத்துல பம்புசெட்டுக் கடையில கெடைக்கும், உங்களுக்கு மூணு மாசம் ஆகும், அந்த மூணு மாசம் துப்பாக்கிய ஒலக்கையா வெச்சு மாவு இடிப்பீங்களாம்பேன். இப்புடியே போச்சு. ஒரு நா அந்தப் பல் டாக்டரு, ‘நீங்க ரெண்டு பேரும் தனியாப் பேசிக்குங்க, மத்தவங்க பாவம்’னு எழுதிப்போட்டு ரெண்டு பேரையும் குழுவ உட்டு எடுத்துட்டாரு.

அடுத்த நாள் பொழுதோட ஆறு மணிக்கு ஒரு போனு. புது நம்பரு.

“வே, நான் கஸ்மீரு. தூத்துக்குடி. அந்தப் பல்லுப் புடுங்குறவன் வெளிய தள்ளிட்டா நான் விட்டுருவேன்னு நெனச்சீரா? ஓ-ரிங்கு பத்தி என்னமோ சொன்னீரே, இப்பச் சொல்லும்.”

சொன்னனுங்க. முக்கா மணி நேரம் சொன்னேன்.

பதினாலு மாசமுங்க. தெனமும் ஆறு மணி. ஒரு நா நான் கூப்புடுவேன், ஒரு நா அவரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுன மனுசன், குரலே கடல்காத்துக்கு மேல பேசிப் பழகுன குரலு. நான் ஒரு நோட்டுப் போட்டு வெச்சிருந்தேன். அன்னன்னைக்கு என்ன நாயம் எடுக்கோணுமுன்னு காத்தாலயே எழுதிக்குவேன். மத்தியானத்துல அத ஒரு தடவ சத்தமாப் படிச்சுப் பாத்துக்குவேன். அஞ்சரைக்கே ராத்திரிச் சோத்துக்குக் குக்கரு வெச்சு எறக்கிருவேன், நடுவுல விசிலடிச்சா நாயம் தடைப்படுமுன்னு.

பெரிய சண்டையே விசைக் கம்பிதானுங்க. புல்பப்புல விசை முன்னால, மெஷினு பின்னால. நடுவுல ஒரு கம்பி ஓடுது. நீங்க வெரல்ல இழுக்கறது அந்தக் கம்பி வழியாப் பின்னால போய்ச் சேரோணும். மலிவுத் துப்பாக்கியில அந்தக் கம்பி கொழகொழன்னு இருக்கும். அத நான் ஒத்துக்கறேன். ஆனா அதுக்குத்தான் நான் ஃபிட்டரு. கழட்டி, எண்ணெக்கல்லுல தேச்சு, புஷ்ஷு போட்டு, ஒரு வாரம் உக்காந்து செரி பண்ணுனேன். ‘கஸ்மீருங்ணா, என்னோடது இப்ப உங்களோடத உட ஒரு படி மேல’ன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு.

“எருமைக்குக் கொம்புல வார்னீஷ் அடிச்சா மானாயிருமாவே?”

மூணு நாள் அதுக்குப் பதில் யோசிச்சனுங்க நான்.

நல்ல மனுசன்தான், இல்லைங்கல. ஒரு கொறை என்னன்னா, அப்பப்ப விசயத்த உட்டு வெளிய போயிருவாரு. ஒரு தடவ எனக்குக் காய்ச்சலு. படுத்துட்டேதான் பேசறேன். “கொரல் என்னவே அடைச்சுக் கெடக்கு? பக்கத்துல ஆளு யாரும் இருக்காகளா?”ன்னாரு. நான் சொன்னேன், “அது கெடக்குதுங்க, நேத்து ரெகுலேட்டர்ல நிறுத்துனோம், விசயத்துக்கு வாங்க.” இன்னொரு தடவ, “எம் மவளுக்கு...”ன்னு என்னமோ ஆரம்பிச்சாரு. அப்பத்தான் நான் நோட்டுல ஒரு நல்ல நாயம் எழுதி வெச்சிருந்தேன். “விசயத்துக்கு வாங்க”ன்னேன். வந்தாரு. அவருக்கும் விசயம்தான் முக்கியம்.

அப்பறம் ஒரு செவ்வாக்கெழம. நான்தான் கூப்புட்டேன். ஆரம்பிச்சு ரெண்டு நிமிசங்கூட ஆகலீங்க. மெதுவாப் பேசறாரு, என்னைக்கும் இல்லாத மாதிரி.

“வே, நீரு சொல்லுததுதான் சரி. மலிவு புல்பப்பே போதும். நான் ஒத்துக்கிடுதேன்.”

“என்னங்க சொல்றீங்க?”

“நீரு ஜெயிச்சிட்டீருன்னு சொல்லுதேன். வச்சிரட்டா?”

எனக்கு எப்புடி இருந்திருக்கும், நெனச்சுப் பாருங்க. பதினாலு மாசம்! எந்திரிச்சு வாசல்ல போய் நின்னேன். யாராச்சு வந்தாச் சொல்லலாமுன்னு. யாரும் வரல. ஓசூருக்குப் போன் போட்டு, “அம்மிணி, நான் ஜெயிச்சுட்டேன்”ன்னேன். “எதுலப்பா?”ன்னா மக. புல்பப்புலன்னேன். “செரிப்பா, அம்மா கோயிலுக்குப் போயிருக்கறாங்க”ன்னு வெச்சுட்டா. ஒரு அரை மணி நேரம் நல்லாத்தான் இருந்துச்சுங்க.

அடுத்த நாள் ஆறு மணி ஆச்சு. அவரு முறை. போனு வரல. செரி, தோத்தவருக்குச் சங்கடமா இருக்குமுன்னு நானே போட்டேன்.

“சொல்லும் வே.”

நோட்டப் பாத்தேன். அன்னைக்கு ஒண்ணும் எழுதல. எழுத என்ன இருக்குது? “சும்மாதானுங்க”ன்னு வெச்சுட்டேன்.

ரெண்டு நா உட்டு மறுபடியும் போட்டேன். நானே அவரு பக்கம் எறங்கிப் போனேன். “கஸ்மீருங்ணா, ரெகுலேட்டர் விசயத்துல உங்க பக்கமும் கொஞ்சம் நாயம் இருக்குதுங்க”ன்னேன்.

“இல்லவே. அதுவும் நீரு சொன்னதுதான் சரி.”

இதென்னங்க நாயம்? வாதத்துல பாதிய ஒத்துக்கலாம். கால்வாசி ஒத்துக்கலாம். முழுசா ஒத்துக்கறது மரியாத இல்லீங்க. பல் டாக்டரு கிட்டக் கேட்டேன், குழுவுல மறுபடி சேத்துக்குங்கன்னு. அவரு பதிலே போடல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிட்ட ஒரு நா புல்பப் பத்திச் சொன்னேன், அவரு மாட்டுக்குத் தவுடு வெக்கோணுமுன்னு போயிட்டாரு. இருவத்தி மூணு நா பாத்தேன். அப்பறம் பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். கோவத்துல போகலீங்க. அவரு எந்த எடத்துல ஒத்துக்கிட்டாரு, எந்த நாயத்துக்கு ஒத்துக்கிட்டாருன்னு தெரியோணுமில்ல? அவ்வளவுதான்.

விலாசம் முந்தியே வாங்கி வெச்சிருந்தேன், ஒரு தடவ பெல்லட் குண்டு டப்பா அனுப்பறதுக்கு. முந்தா நாள் காத்தால போய்க் கதவத் தட்டுனனுங்க. ஒல்லியா, குட்டையா ஒரு மனுசன் தெறந்தாரு. தோள்ல ஒரு துண்டு, துண்டு மேல ஒரு கைக்குழந்தை. நான் அந்தக் குரலுக்கு ஒரு ஆறடி ஆள நெனச்சு வெச்சிருந்தேன்.

“கஸ்மீருங்களா?”

என் குரலக் கேட்டதும் அவரு முகம் மலந்துச்சு பாருங்க. “எலே, நீரா! பிலோமி, இங்க வா, யாரு வந்திருக்காகன்னு பாரு! தாராபுரத்துக்காரரு!” சத்தம் போட்டதும் குழந்தை அழுதுருச்சு. நாக்கக் கடிச்சுக்கிட்டாரு.

ஊடு நெறைய ஆளுங்க. மக பிரசவத்துக்கு வந்தவ, மருமகன், மருமகனோட அம்மா, அவரு சம்சாரம் பிலோமியம்மா. எல்லாரும் என்னத் தெரிஞ்ச மாதிரியே சிரிக்கறாங்க. “நீங்கதான் அந்த ஆறு மணி மாமாவா?”ங்குது அந்தப் பொண்ணு. பந்தியில உக்கார வெச்சாங்க. சீலா மீன் கொழம்பு. சாப்புட்டு ரொம்ப நாளாச்சுங்க அப்புடி. ஆனா நான் சாப்புடவா போனேன்? பாதிச் சாப்பாட்டுலயே கேட்டுட்டேன்.

“கஸ்மீருங்ணா, நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? எந்த நாயத்துக்கு?”

அவரு எலயப் பாத்துட்டு இருந்தாரு. பிலோமியம்மாதான் சொன்னாங்க.

“நாந்தாண்ணே சொன்னேன். பிள்ளை ஆறு மணிக்குத்தான் கண்ணசருது. இவுக போனுல கத்துனா முழிச்சிருது. அதான், ‘அந்த அண்ணனே ஜெயிச்சதா இருந்துட்டுப் போகட்டுமே, தனியா இருக்க மனுசன், சந்தோசப்படட்டும்’னு சொன்னேன்.”

அவ்வளவுதானுங்க. ரெகுலேட்டரும் இல்ல, ஓ-ரிங்கும் இல்ல. நான் ஒரு வாரம் தேச்ச கம்பியும் இல்ல.

“குழந்தை பொறந்தத எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?”ன்னேன்.

“சொல்ல வந்தேன் வே. ரெண்டு தடவ வந்தேன். நீரு விசயத்துக்கு வாரும்னுட்டீரு.”

அது செரிதானுங்க. நான் சொல்லியிருப்பேன். விசயமுன்னா விசயம்தான?

பொழுது சாஞ்சு மொட்ட மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு கோடியில மண் மூட்டை அடுக்கி, அட்டை ஒட்டி வெச்சிருந்தாரு. மொதல்ல நான் என்னோடத எடுத்தேன். கடல்காத்து கொஞ்சம் தள்ளுச்சு. இருந்தாலும் அஞ்சு குண்டும் ஒரு ரெண்டு ரூவாக் காசுக்குள்ள. “பலே!”ன்னாரு. அப்பறம் கீழ போயி அவரோடத எடுத்துட்டு வந்தாரு. பழைய வேட்டியில சுத்தி வெச்சிருந்தாரு. தூசி தட்டறாரு. “நாலு மாசமாச்சு வே, எடுத்து”ன்னாரு.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. நான் அதுக்கு முன்னால ஒசந்த வெலைத் துப்பாக்கியத் தொட்டதே இல்லீங்க. படம் பாத்திருக்கறேன், படிச்சிருக்கறேன். பதினாலு மாசம் பேசுனேன். தொட்டதில்ல.

தோள்ல வெச்சேன். விசையில வெரல வெச்சேன். என்னோடதுல வெரல் நகர ஆரம்பிச்சதும் உள்ள கம்பி நகர்றது தெரியும். எத்தன தேச்சாலும் பொடி மணல் மாதிரி ஒரு சின்ன நறநறப்பு இருக்கும். அது எனக்குப் பழகிருச்சு. இதுல அது இல்லீங்க. வெரலுக்கும் குண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. நெனச்சேன், போயிருச்சு. ரெண்டாவது போட்டேன். மூணாவது போட்டேன். மூணும் ஒரே ஓட்டை. துப்பாக்கி மேல இருக்கற தூரக்கண்ணாடியில பாத்துட்டே இருக்கறேன். பொத்தான்கூட இல்லீங்க, பொத்தான்ல நூல் கோக்கற ஓட்டை.

முப்பத்தி ரெண்டு வருசம் மெஷினத் தொட்ட கையிங்க இது. ஒரே ஒரு குண்டுல அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

“எப்படிவே இருக்கு?”ன்னாரு.

“சுமாருதானுங்க”ன்னேன்.

இந்தா பாருங்க, இப்பச் சண்டைக்கு வருவாருன்னு நெனச்சேன். எருமைம்பாரு, வார்னீஷும்பாரு. மனுசன் தலைய ஆட்டிட்டு, “ஆமாவே, அதத்தான நானும் ஒத்துக்கிட்டேன்”ங்கறாரு.

எனக்குத் தாங்கலீங்க. துப்பாக்கியக் கீழ வெச்சுட்டுச் சொல்லிப்போட்டேன். “இல்லீங்ணா. பொய் சொல்லிட்டேன். உங்களோடதுதான் ஒசத்தி. என்னோடது இது பக்கத்துல நிக்க முடியாது. நான் தோத்துட்டேனுங்க.” வாழ்க்கையில எந்த மனுசன்கிட்டயும் அப்புடிச் சொன்னதில்லீங்க நானு. எங்கூட்டுக்காரி கிட்டக்கூடச் சொன்னதில்ல.

அவரு என் முதுகத் தட்டுனாரு. “விடும்வே. ரெண்டும் ஓட்டைதான போடுது.”

ரெண்டும் ஓட்டைதான போடுதாமா! கேட்டீங்களா? பதினாலு மாசம் பேசுனதுக்குக் கடைசியில இதுதான் தீர்ப்பு. நான் பதில் சொல்றதுக்குள்ளாற கீழ குழந்தை அழுகற சத்தம். “இரும், வந்துருதேன்”னு எறங்கிப் போனவரு போனவருதான். கீழ அவரு பாடற சத்தம் கேக்குது. அந்தக் கிரேன் குரல எத்தனை சின்னதாக்கிப் பாடறாருன்னு எனக்கு அதிசயமா இருந்துச்சு. நான் ரெண்டு துப்பாக்கியவும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு அங்கயே உக்காந்திருந்தேன். தொடச்சேன், ரெண்டையும். வேற வேலை இல்ல பாருங்க.

நேத்தும் இருக்கச் சொன்னாங்க, இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு வார்த்த சொன்னாரு: “வே, இத நீரே கொண்டு போம். எனக்கு இனி எங்க நேரம்? உம்ம கையில இருந்தா அதுக்கும் மரியாதை.” ஐரோப்பாத் துப்பாக்கிய! சும்மா! மருமகன்கூட நிமிந்து பாத்தாரு.

வேண்டாமுன்னுட்டனுங்க. ஆசை இல்லாம இல்ல. எடுத்துட்டு வந்தா அவரு கையில ஒண்ணும் இருக்காது பாருங்க. கையில ஒண்ணுமில்லாத மனுசன் கிட்ட என்ன நாயம் பேசறது? இருக்கட்டும், வேட்டியில சுத்தியே இருக்கட்டும். என்னைக்காச்சு குழந்தை வளந்து, அவரு எடுத்துப் பாத்து, ‘சுமாருன்னா சொன்னீரு?’ன்னு போன் போட்டாலும் போடுவாரு. போட மாட்டாருன்னும் சொல்ல முடியாது.

காத்தால பஸ் ஏத்தி உட அவரு வரலீங்க. குழந்தைக்குத் தடுப்பூசி போடற நாளு. வாசல்ல நின்னு கை ஆட்டுனாரு, குழந்தை கையவும் புடிச்சு ஆட்டி உட்டாரு. பிலோமியம்மாதான் ஆட்டோ வரைக்கும் வந்தாங்க. ரெண்டு பொட்டலம் மக்ரூன் குடுத்தாங்க. உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்குங்க, உடையாம இருக்குதா பாருங்க. அவங்க சொன்னாங்க:

“அண்ணே, ஊரு போய்ச் சேந்ததும் ஒரு போனு போட்டுச் சொல்லுங்க. இவுக எதிர்பாப்பாக. ஆறு மணிக்கு வேண்டாம், ஏழுக்கு மேல எப்ப வேணாலும் போடுங்க.”

செரிங்கன்னு தலைய ஆட்டிட்டு ஏறிட்டேன். அப்ப இருந்து அதுதானுங்க யோசன. திண்டுக்கல்லு தாண்டி இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, எனக்கு ஒண்ணும் பிடிபடல. ஒட்டன்சத்திரம் வந்துருச்சுங்களா? இன்னும் இல்லியா, செரி.

போனு போடறேன்னே வெச்சுக்குங்க. ‘சேந்துட்டனுங்க’ம்பேன். அவரு ‘சந்தோசம்வே’ம்பாரு. அது ஆச்சு. அதுக்கப்பறம் அவரு, ‘வேற என்னவே?’ம்பாரு. கண்டிப்பாக் கேப்பாரு, அவரு அப்புடித்தான்.

நீங்க நாலு பேருகூடப் பழகுனவராத் தெரியறீங்க. ஏனுங்க, மத்தவங்கெல்லாம் அந்த எடத்துல என்னங்க பேசுவாங்க?